ஐயா பெயரில் மருத்துவ ஆராய்ச்சிக்குப் பரிசு வைப்பதா, மானியம் கொடுப்பதா?

கேள்வி: கோட்டையூர்க்காரன்

எல்லோருக்கும் வணக்கம். ஊர் கோட்டையூர், பிழைப்பு சென்னையில். அம்பத்தூரில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு பிளாஸ்டிக் மோல்டிங் கம்பெனி இருக்கிறது. மாத்திரை டப்பா, சிரிஞ்ச் பாகங்கள், சர்க்கரை அளக்கும் ஸ்ட்ரிப் போட்டு வரும் குப்பி, இந்த மாதிரிச் சாமான்கள் செய்கிறோம். லாபம் 5 கோடியைத் தாண்டியதிலிருந்து, கம்பெனிகள் லாபத்தில் ஒரு பங்கைச் சமூகப் பணிக்குச் செலவழிக்க வேண்டும் என்கிற சிஎஸ்ஆர் சட்டத்துக்குள் வந்துவிட்டோம். இந்த வருடத்துக்கு 16 லட்சம் ரூபாய் செலவழிக்க வேண்டும் என்று ஆடிட்டர் சொல்லியிருக்கிறார். இதுவரை பள்ளிக்கூடத்துக்குக் கழிப்பறை, ஊருணி தூர் வாருவது என்று போய்க்கொண்டிருந்தது.

அப்பச்சிக்கு (அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) இந்த முறை வேறு எண்ணம். எங்கள் ஆயாவுக்கு, அதாவது பாட்டிக்கு, சர்க்கரையால் காலில் புண் வந்து, ஆறாமலே இழுத்து, கடைசியில் முழங்காலுக்குக் கீழே எடுக்கும்படி ஆனது. பக்கத்திலேயே இருந்து பார்த்தவர் அப்பச்சி. அதனால் ஐயா (தாத்தா) பெயரில் சர்க்கரை நோய் ஆராய்ச்சிக்கு ஆண்டுதோறும் 10 லட்சம் ரூபாய் பரிசு வைக்க வேண்டும், விழாவைக் கோட்டையூரில் எங்கள் வீட்டு வளவிலேயே நடத்த வேண்டும், நல்ல விஞ்ஞானி ஒருவரை ஊருக்கு அழைத்து வந்து மரியாதை செய்ய வேண்டும் என்கிறார். ரங்கூனில் கடை இருந்த காலத்திலேயே லாபத்தில் மகமை எடுத்து வைத்த குடும்பம், கோயிலுக்கும் பாடசாலைக்கும் கொடுத்தாயிற்று, இனி இதற்குக் கொடுப்போம் என்பது அவர் பேச்சு. எனக்கும் சம்மதம்தான். ஆனால் பரிசாகக் கொடுப்பது நல்லதா, ஏதாவது ஓர் ஆய்வகத்துக்கு மானியமாகக் கொடுப்பது நல்லதா என்று எனக்குப் பிடிபடவில்லை.

இன்னொன்று. எங்களிடம் அதிகம் சரக்கு எடுக்கும் ஒரு மருந்து நிறுவனம் இதைக் கேள்விப்பட்டு, நாங்களும் அதே அளவு பணம் போடுகிறோம் என்கிறார்கள். பரிசின் பெயரோடு அவர்கள் பெயரும் வர வேண்டும், தேர்வுக் குழுவில் அவர்கள் ஆள் ஒருவர் இருக்க வேண்டும், அவ்வளவுதான் கேட்கிறார்கள். பணம் இரட்டிப்பாகிறதே என்று ஒரு பக்கம் இருக்கிறது, எங்கோ இடிக்கிறது என்றும் இருக்கிறது. ஆராய்ச்சியில் இருப்பவர்கள், டாக்டர்கள், கணக்குத் தெரிந்தவர்கள் மனதில் பட்டதைச் சொல்லுங்கள்.


பதில்: ஆய்வகவாசி

காரைக்குடியில் உயிரியல் ஆய்வில் இருக்கிறேன். நான்கைந்து மாணவர்களை வைத்துச் சின்ன ஆய்வகம் நடத்துகிறேன். வாங்குகிற பக்கத்திலிருந்து சொல்கிறேன், மானியமாகக் கொடுங்கள்.

பரிசு வேலை முடிந்த பிறகுதான் வருகிறது, அதுதான் அதிலுள்ள சிக்கல். கத்தலின் கரிக்கோவின் கதை இப்போது எல்லோருக்கும் தெரியும். எம்ஆர்என்ஏ தடுப்பூசிக்கு அடிப்படை போட்டவர். 1990-களில் அவர் எழுதிய மானிய விண்ணப்பங்கள் போன வேகத்தில் திரும்பி வந்தன. பணம் கொண்டுவர முடியாதவர் என்று 1995-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் அவரைப் பதவி இறக்கியது. ட்ரூ வைஸ்மனோடு சேர்ந்து எழுதிய அந்த முக்கியமான கட்டுரை 2005-ல் வந்தபோதும் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. கொரோனா வந்து, கோடிக்கணக்கான பேர் ஊசி போட்டுக்கொண்ட பிறகு 2021-ல் லாஸ்கர் விருது, அப்புறம் சிலிக்கான் வேலி பணக்காரர்கள் கொடுக்கும் 30 லட்சம் டாலர் பிரேக்த்ரூ பரிசில் பங்கு, 2023-ல் நோபல். அவருக்குப் பணம் தேவைப்பட்ட காலத்துக்கும் பணம் வந்து குவிந்த காலத்துக்கும் நடுவில் கால் நூற்றாண்டு. அந்த 1995-ல் யாராவது ஒரு கம்பெனி இரண்டு வருடத்துக்கு ஒரு மாணவர் சம்பளமும் ரசாயனச் செலவும் கொடுத்திருந்தால் அதன் மதிப்பு என்ன என்று யோசித்துப் பாருங்கள்.

நம் நாட்டிலும் நிறுவனங்கள் கொடுக்கும் பெரிய பரிசுகள் இருக்கின்றன. இன்ஃபோசிஸ் அறிவியல் அறக்கட்டளை 2009-லிருந்து கொடுக்கிறது, உயிர் அறிவியலுக்குத் தனிப் பிரிவு உண்டு, ஒரு லட்சம் டாலர். மருத்துவ, மருந்தியல் ஆய்வுக்கு ரான்பாக்சி பெயரில் இருந்த விருதுகளை இப்போது சன் பார்மா அறக்கட்டளை கொடுக்கிறது. இவை இருக்க வேண்டியவைதான், குறை சொல்லவில்லை. ஆனால் இந்த வரிசையில் உங்கள் 10 லட்சம் போய் நின்றால், ஏற்கெனவே இரண்டு மூன்று விருது வாங்கிய ஒருவருக்கு நான்காவதாகப் போய்ச் சேரும். அவர் ஆய்வகம் பெங்களூரிலோ டெல்லியிலோ நன்றாகவே நடந்துகொண்டிருக்கும்.

இங்கே நிலைமை என்னவென்று சொல்கிறேன். ஜேஆர்எஃப் என்கிற இளநிலை ஆய்வு உதவித்தொகை வாங்கும் மாணவருக்கு மாதம் 37,000 ரூபாய். வருடத்துக்கு 4,44,000, வீட்டு வாடகைப்படி தனி. உங்கள் 10 லட்சத்தில் ஒரு மாணவரை ஒரு வருடம் வைத்துக்கொண்டு, மீதி ஐந்து லட்சத்துக்கு எலைசா கிட், செல் வளர்க்கும் சீரம், பிசிஆர் சாமான், டிப், எல்லாம் வாங்கலாம். கிட் சென்னையிலிருந்து வந்து சேர்வதற்குள் ஐஸ் கரைந்து வீணாகிப்போனால் மறுபடி வாங்கப் பணம் கிடையாது, எங்கள் மாதிரி ஊரில் இது அடிக்கடி நடக்கிறது. நல்ல யோசனை இருக்கும், முதல் சோதனையைச் செய்து காட்ட ஒன்றரை லட்சம் இருக்காது. முதற்கட்ட முடிவு இல்லாமல் பெரிய அரசு மானியத்துக்கு எழுதினால் எடுபடாது. அந்த முதல் படிக்குத்தான் யாரும் கொடுப்பதில்லை.

கோட்டையூர்க்காரருக்கு வள்ளல் அழகப்பச் செட்டியாரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை, அவர் உங்கள் ஊர்க்காரர். 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார், 1948-ல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார், 1953-ல் காரைக்குடியில் சிக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம் திறந்தது. அங்கே என்ன கண்டுபிடிக்கப்போகிறார்கள் என்று அன்று ஒருவருக்கும் தெரியாது. வேலை தொடங்கட்டும் என்று கொடுத்த பணம் அது. இன்றைக்கும் எங்களுக்கு வேண்டியது அந்த மாதிரிப் பணம்தான்.


பதில்: கணக்கப்பிள்ளை

தேவகோட்டைப் பக்கம், ஆடிட் வேலை. மேலே சொன்னது ஆராய்ச்சி நியாயம், நான் சட்டத்தைச் சொல்கிறேன். உங்கள் திட்டம் இப்போது இருக்கும் வடிவில் நிற்குமா என்பதே சந்தேகம்.

2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆவது பிரிவு. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இந்த மூன்றில் எதைத் தொட்டாலும் முந்தைய மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதம் செலவழிக்க வேண்டும். எதற்கெல்லாம் செலவழிக்கலாம் என்பது ஏழாவது அட்டவணையில் இருக்கிறது. கம்பெனி விவகார அமைச்சகம் 2014 ஜூன் மாதம் ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. மாரத்தான், விருது வழங்குவது, டிவி நிகழ்ச்சி ஸ்பான்சர் போன்ற ஒருநாள் கூத்துகள் சிஎஸ்ஆர் செலவாக ஏற்கப்படாது என்று அதில் எழுதியே இருந்தது. 2021-ல் பழைய சுற்றறிக்கைகளுக்குப் பதிலாகப் புதிய விளக்கம் வந்தது, அதே வருடம் திருத்திய விதிகளிலும் தன் சரக்குக்கு விளம்பரம் தேடிச் செய்யும் ஸ்பான்சர்ஷிப் கணக்கில் வராது என்று இருக்கிறது. ஆக, வளவில் மேடை போட்டு, மருந்து நிறுவனத்தின் பெயர்ப் பலகையோடு தரும் 10 லட்சத்தை சிஎஸ்ஆர் என்று எழுதினால் எந்த ஆடிட்டரும் கேள்வி கேட்பார். அப்பச்சி தன் சொந்தப் பணத்தில் பரிசு கொடுக்கலாம், அதற்குத் தடையில்லை. வாங்குகிறவருக்கும் ஒன்று உண்டு, மத்திய அரசு அங்கீகரித்த பரிசாக இருந்தால்தான் வருமான வரி விலக்கு நிச்சயம்.

மானியம் என்றால் வழி தெளிவாக இருக்கிறது. 2019-ல் அந்த அட்டவணையைத் திருத்தினார்கள். அரசுப் பணத்தில் நடக்கும் பல்கலைக்கழகங்கள், ஐஐடிகள், தேசிய ஆய்வகங்கள், மருத்துவ ஆராய்ச்சிக்கான ஐசிஎம்ஆர், அறிவியல் தொழில் ஆராய்ச்சிக்கான சிஎஸ்ஐஆர் போன்ற மத்திய அமைப்புகளின் கீழுள்ள நிறுவனங்கள், இவற்றில் அறிவியல், மருத்துவ ஆராய்ச்சிக்குக் கொடுக்கும் பணம் சிஎஸ்ஆர்தான். கவனிக்க வேண்டியது, சுயநிதித் தனியார் கல்லூரி இந்தப் பட்டியலில் இல்லை. அழகப்பா பல்கலைக்கழகம் மாநில அரசுப் பல்கலைக்கழகம், அது வரும். மதுரை காமராசர் வரும். அரசு மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்து செய்வதென்றால் எந்தக் கணக்கில் பணம் போகிறது என்பதை முதலிலேயே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

அப்புறம் காலக்கெடு. ஒரே வருடத்தில் முடியாத வேலை என்றால் இயக்குநர் குழுவில் அதைத் தொடர் திட்டம் என்று தீர்மானம் போட வேண்டும். தொடங்கும் நிதியாண்டைத் தவிர்த்து மேலும் மூன்று நிதியாண்டு வரை ஓட்டலாம். மார்ச்சில் மிஞ்சும் பணத்தை 30 நாளுக்குள் தனி வங்கிக் கணக்கில் போட்டுவிட வேண்டும். உங்கள் தொகை 50 லட்சத்துக்குள் இருப்பதால் தனியாக சிஎஸ்ஆர் கமிட்டி தேவையில்லை, குழுவே முடிவெடுக்கலாம். ஆய்வு மானியத்துக்கு 18 சதவீத ஜிஎஸ்டி என்று கல்வி நிறுவனங்களுக்கு நோட்டீஸ் போய்ப் பெரிய பிரச்சினை ஆனதே, 2024 செப்டம்பரில் ஜிஎஸ்டி கவுன்சில் அதற்கு விலக்குச் சொல்லிவிட்டது. இருந்தாலும் நீங்கள் கொடுக்கும் பல்கலைக்கழகம் அந்த விலக்குக்குள் வருகிறதா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.


பதில்: செக்காலை வாசகி

பரிசே வேண்டாம் என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. இந்த நாட்டில் ஒரு கிரிக்கெட் வீரரின் முகம் குழந்தைக்குக்கூடத் தெரியும், உயிரியலாளர் ஒருவர் பெயர் சொல்லுங்கள் என்றால் ஆசிரியர்களே யோசிப்பார்கள். பரிசு கொடுத்தால் பத்திரிகையில் வரும், பெண் பிள்ளைகள் பார்ப்பார்கள், நானும் இப்படிப் போகலாம் என்று அவர்களுக்குத் தோன்றும், வீட்டில் மேலே படிக்க விடுவார்கள். நான் ஆசிரியராக இருக்கிறேன், இதை வகுப்பில் பார்க்கிறேன். வயதானவர்களுக்கே போகிறது என்பதும் மாறிக்கொண்டிருக்கிறது, இன்ஃபோசிஸ் பரிசு 2024-லிருந்து 40 வயதுக்கு உட்பட்டவர்களுக்குத்தான். அப்பச்சி விஞ்ஞானி ஒருவரை ஊருக்கு அழைத்து வர ஆசைப்படுகிறாரே, அதை விட்டுவிடாதீர்கள். சிவகங்கை மாவட்டப் பள்ளிப் பிள்ளைகளை வளவில் உட்கார வைத்து அவரோடு ஒரு நாள் பேச விடுங்கள். அதற்குப் பத்து லட்சம் தேவையில்லை.


பதில்: டாக்டரம்மா

தம்பி, நான் அரசு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். உங்கள் ஆயாவுக்கு வந்த மாதிரி கால்களை இந்த மாவட்டத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். ஐசிஎம்ஆர் நாடு முழுக்க எடுத்த கணக்கு 2023-ல் வெளிவந்தது, இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கு மேல். அதனால் அப்பச்சி கையில் எடுத்திருப்பது சரியான விஷயம், மனதாரச் சொல்கிறேன். ஆனால் அந்த மருந்து நிறுவனம் கேட்டதாக எழுதியிருக்கிறீர்களே, தேர்வுக் குழுவில் ஒரு இடம், அதைப் பற்றித்தான் நான் பேச வேண்டும்.

பணம் கொடுக்கிறவர்கள் பொய் சொல்லச் சொல்வதில்லை. எந்தக் கேள்வியைக் கேட்பது, எதை விடுவது, எதை வெளியிடுவது என்பதில்தான் அவர்கள் கை இருக்கும். அமெரிக்காவில் சர்க்கரை ஆலைக்காரர்களின் சங்கம் ஹார்வர்டு ஆய்வாளர்களுக்கு 6,500 டாலர் கொடுத்து ஒரு கட்டுரை எழுத வைத்தது. இதய நோய்க்குக் கொழுப்புதான் காரணம், சர்க்கரை மேல் பெரிய குற்றம் இல்லை என்கிற மாதிரி 1967-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தது. சர்க்கரைக்காரர்களின் பணம் என்று அதில் ஒரு வரி இல்லை. பழைய கடிதங்களைத் தோண்டி எடுத்து 2016-ல் வெளியிட்ட பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது. இடைப்பட்ட ஐம்பது வருடம் எங்களைப் போன்றவர்கள் நோயாளிகளிடம் எண்ணெயைக் குறை, நெய்யைக் குறை என்று சொல்லிக்கொண்டிருந்தோம். 6,500 டாலர், தம்பி. பெரிய தொகைக்குத்தான் ஆட்கள் வளைவார்கள் என்று நினைக்க வேண்டாம்.

2015-ல் கோகோ கோலா பணத்தில் நடந்த ஒரு ஆய்வாளர் கூட்டமைப்பு வெளிச்சத்துக்கு வந்தது. உடல் பருமனுக்குச் சாப்பாட்டைவிட உடற்பயிற்சி இல்லாததுதான் காரணம் என்று அவர்கள் பேசி வந்தார்கள். விவகாரம் பெரிதாகி, கொலராடோ பல்கலைக்கழகம் பத்து லட்சம் டாலரைத் திருப்பிக் கொடுத்தது, அந்த அமைப்பும் கலைந்தது. பேசிய விஞ்ஞானிகள் கெட்டவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் எந்தப் பேச்சுக்குப் பணம் வந்தது, எதற்கு வரவில்லை என்று பாருங்கள்.

ஒப்பந்தம் படிக்காமல் கையெழுத்துப் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு பெட்டி டாங் என்ற அம்மாவின் கதை போதும். சான் பிரான்சிஸ்கோவில் மருந்தியல் ஆய்வாளர். தைராய்டு மாத்திரை ஒன்றை விற்ற பூட்ஸ் நிறுவனம், எங்கள் மாத்திரைக்கு ஈடு இல்லை என்று நிரூபியுங்கள் என்று பணம் கொடுத்தது. 1990-ல் ஆய்வு முடிந்தபோது விலை குறைந்த மாத்திரைகளும் அதே வேலையைச் செய்கின்றன என்று தெரிந்தது. கம்பெனியின் எழுத்து மூல அனுமதி இல்லாமல் வெளியிடக் கூடாது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரியால் கட்டுரை வெளிவர 1997 ஆகிவிட்டது. ஏழு வருடம் மக்கள் கூடுதல் விலை கொடுத்து வாங்கினார்கள்.

எல்லாக் கம்பெனிப் பணமும் இப்படி இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மருத்துவ ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்கும் பிரிட்டனின் வெல்கம் அறக்கட்டளையே மருந்து வியாபாரப் பணத்தில் வந்ததுதான். ஹென்ரி வெல்கம் 1936-ல் இறந்தபோது கம்பெனியையே அறக்கட்டளைக்கு எழுதி வைத்தார். பிறகு அவர்கள் படிப்படியாகப் பங்குகளை விற்று, 1995-ல் கம்பெனி கிளாக்ஸோவிடம் போனது. இன்று அந்தப் பணம் எந்த மாத்திரையும் விற்க வேண்டிய கட்டாயத்தில் இல்லை. நம் அரசின் உயிர்தொழில்நுட்பத் துறையோடு சேர்ந்து இந்திய இளம் ஆய்வாளர்களுக்குப் பல வருடம் உதவித்தொகை கொடுத்திருக்கிறார்கள், நல்ல பெயர். கொடுக்கிறவர் கை எவ்வளவு தூரம் விலகி இருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அதனால் அந்த நிறுவனத்திடம் மரியாதையாகச் சொல்லுங்கள். பணம் போடலாம், பெயரையும் போட்டுக்கொள்ளலாம், குழுவில் இடம் கிடையாது, கட்டுரையை வெளியாகும் முன் பார்த்து நிறுத்தும் உரிமை கிடையாது என்று. அப்படியும் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். கொடுக்காவிட்டால் அவர்கள் எதற்காக வந்தார்கள் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.


பதில்: கோட்டையூர்க்காரன்

எல்லோருக்கும் மிக்க நன்றி, இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை. கணக்கப்பிள்ளை அண்ணன் சொன்னதை எங்கள் ஆடிட்டரிடம் கேட்டேன், விருதுச் செலவை சிஎஸ்ஆரில் காட்ட வேண்டாம் என்றுதான் அவரும் சொல்கிறார். டாக்டரம்மா, நீங்கள் சொன்னபடியே அந்த நிறுவனத்திடம் பேசினேன். குழுவில் இடம் இல்லை என்றதும், மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள். இன்னும் பதில் இல்லை. வியாபாரம் பாதிக்குமோ என்று தம்பிக்குக் கவலை. அப்பச்சி மட்டும் தெளிவாக இருக்கிறார், சரக்கு வேறு, தர்மம் வேறு என்று சொல்லிவிட்டார்.

இரண்டு சந்தேகம். ஒன்று, நாங்களும் ஸ்ட்ரிப் குப்பி செய்கிறவர்கள்தானே, அப்படியானால் எங்கள் பணமும் அதே மாதிரிப் பணம் ஆகிவிடாதா? இரண்டு, மானியம் என்றால் யாருக்கு என்று எப்படித் தேர்ந்தெடுப்பது? எங்கள் வீட்டில் விஞ்ஞானம் படித்தவர்கள் யாரும் இல்லை.


பதில்: இலுப்பைக்குடியான்

குறுக்கே ஒரு யோசனை. ஆளுக்குக் கொடுக்காமல் இலக்குக்குப் பரிசு வைக்கலாமே? இதைச் செய்து காட்டுகிறவருக்கு இவ்வளவு என்று. பிரிட்டனில் அப்படித்தான், தேவையில்லாமல் ஆன்டிபயாடிக் கொடுப்பதைக் குறைக்க ஒரு விரைவுப் பரிசோதனை வேண்டும் என்று 2014-ல் லாஞ்சிடியூட் பரிசு அறிவித்தார்கள், 2024-ல் ஒரு ஸ்வீடன் நிறுவனம் 80 லட்சம் பவுண்டு வாங்கியது, சிறுநீர்த் தொற்றுக்கு எந்த மருந்து கேட்கும் என்று முக்கால் மணி நேரத்தில் சொல்லும் கருவி. குவால்காம் பணத்தில் ட்ரைகார்டர் என்று ஒரு போட்டியும் நடந்தது, வீட்டிலேயே பல நோய்களைக் கண்டறியும் கருவிக்கு ஒரு கோடி டாலர். ஜெயித்தால்தான் பணம், கொடுக்கிறவருக்கு நஷ்டம் இல்லை.


பதில்: ஆய்வகவாசி

இலுப்பைக்குடியான், அது நல்ல முறைதான், ஆனால் ஜெயிக்கும் வரை செலவை யார் தாங்குவது? அந்த லாஞ்சிடியூட் பரிசை வெல்லப் பத்து வருடம் ஆனது, அத்தனை வருடம் கையிலிருந்து போட்டு ஓடக்கூடியவர்கள்தான் பந்தயத்தில் நிற்க முடிந்தது. ட்ரைகார்டரில் 2017-ல் முடிவு வந்தபோது எல்லா நிபந்தனையையும் ஒருவரும் எட்டவில்லை, முதல் அணிக்கு 26 லட்சம் டாலரும் இரண்டாவது அணிக்கு 10 லட்சமும் கொடுத்து முடித்தார்கள். முதலீட்டாளர் பின்னால் இருக்கும் கம்பெனிகளுக்கு அது பொருந்தும். காரைக்குடியில் இருக்கும் ஒரு முனைவர் பட்ட மாணவிக்குப் பொருந்தாது.

கோட்டையூர்க்காரரின் முதல் சந்தேகத்துக்கு. ஆமாம், உங்களுக்கும் சர்க்கரை நோய்ச் சாமான்களில் வியாபாரம் இருக்கிறது. அதற்கு வழி, அதை முதல் பக்கத்திலேயே எழுதிவிடுவது. அறிவிப்பிலும், வெளிவரும் ஒவ்வொரு கட்டுரையின் கடைசியிலும், இந்தக் கம்பெனி இன்ன பொருள் செய்கிறது, ஆய்வின் வடிவத்திலோ முடிவிலோ அதற்குப் பங்கு இல்லை என்று இருக்க வேண்டும். நல்ல இதழ்கள் எப்படியும் அதைக் கேட்கின்றன. உங்கள் குப்பியையோ ஸ்ட்ரிப்பையோ சோதிக்கும் ஆய்வுக்கு இந்தப் பணத்தில் ஒரு ரூபாய்கூடப் போகக் கூடாது என்றும் எழுதிவிடுங்கள். சொந்த வியாபாரத்துக்கான வேலை சிஎஸ்ஆரிலும் வராது.

இரண்டாவது. நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டாம், அதுதான் நல்லது. வெளி மாநிலத்தில் இருக்கும் இரண்டு மூன்று ஆய்வாளர்களிடம் கேளுங்கள், ஒரு நோயாளி தரப்பு ஆளையும் சேருங்கள். விண்ணப்பம் மூன்று பக்கத்துக்கு மேல் வேண்டாம். பெயரையும் கல்லூரியையும் மறைத்து முதல் சுற்றுப் படிக்கச் சொல்லுங்கள். பட்டியலில் வரும் அரசு நிறுவனமாக இருக்க வேண்டும், சென்னைக்கு வெளியே இருந்தால் முன்னுரிமை என்று ஒரு வரி போடுங்கள், இல்லாவிட்டால் பணம் மறுபடி அங்கேயேதான் போகும்.

16 லட்சத்தை ஒருவருக்கே கொடுக்காதீர்கள் என்பது என் கருத்து. ஒருவருக்குப் பத்து லட்சம், இரண்டு வருடத்துக்கு, ஒரு மாணவர் சம்பளத்தோடு. மீதி ஆறு லட்சத்தை ஒன்றரை லட்சமாக நான்கு பேருக்கு, முதல் சோதனையைச் செய்து பார்க்க. அந்த நான்கில் மூன்று ஒன்றுமில்லாமல் போகலாம், போகட்டும். அமெரிக்காவில் ஹோவர்ட் ஹியூஸ் மருத்துவக் கழகம் இருக்கிறது, விமானக் கம்பெனிப் பணம்தான். ஹியூஸ் 1953-ல் தொடங்கினார், 1985-ல் அந்த விமானக் கம்பெனியை ஜெனரல் மோட்டார்ஸுக்கு விற்றபோது பெரிய நிதி சேர்ந்தது. அவர்கள் திட்டத்துக்குக் கொடுப்பதில்லை, ஆளை நம்பிப் பல வருடத்துக்குக் கொடுக்கிறார்கள். அதே தரத்தில் சாதாரண அரசு மானியம் வாங்கியவர்களோடு ஒப்பிட்டு 2011-ல் பொருளாதார நிபுணர்கள் சிலர் பார்த்தார்கள். பெரிய கண்டுபிடிப்புகள் கழகத்து ஆட்களிடம் அதிகம், சோடை போனவையும் அவர்களிடமே அதிகம். ப்ரிஸ்டல் மையர்ஸ் மருந்து நிறுவனம்கூட 1977-லிருந்து பல வருடம் எந்த நிபந்தனையும் இல்லாமல் ஐந்து வருடத்துக்கு ஐந்து லட்சம் டாலர் கொடுத்து வந்தது, இன்ன மருந்தைப் பார் என்று சொல்லாமல். அந்த மனசு உங்கள் ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. மூன்று மாதத்துக்கு ஒரு அறிக்கை, முத்திரை வைத்த பில், பணம் செலவானதற்கான யூசி சான்றிதழ் என்று எங்களைக் கட்டிப்போடாதீர்கள். ஆண்டுக்கு ஒரு அறிக்கையும் ஒரு கணக்கும் போதும். பணத்தை மட்டும் சொன்ன தேதியில் போடுங்கள். மாணவர் சம்பளம் எட்டு மாதம் தாமதமானால் அந்தப் பிள்ளை வீட்டுக்கு என்ன பதில் சொல்லும்?


பதில்: டாக்டரம்மா

ஆய்வகவாசி சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். நோயாளிகளை வைத்துச் செய்யும் சோதனை என்றால் நெறிமுறைக் குழு அனுமதியும், தொடங்கும் முன்பே, மருத்துவச் சோதனைகளுக்கான நம் நாட்டுப் பதிவேடான சிடிஆர்ஐ-யில் பதிவும் வேண்டும். மருந்துச் சோதனைக்கு 2009-லிருந்தே அந்தப் பதிவு கட்டாயம். பதிந்துவிட்டால் முடிவு பிடிக்கவில்லை என்று பிறகு சத்தமில்லாமல் மறைப்பது கடினம். முடிவு எதுவாக இருந்தாலும் ஒரு வருடத்துக்குள் வெளியிட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள், கம்பெனியின் அனுமதி என்ற சொல்லே அதில் வரக் கூடாது. இன்னொன்று, தலைப்பைச் சர்க்கரை நோய் என்று பொதுவாக விடாமல் கால் புண் என்று குறுக்கினால் நல்லது. பெரிய நிறுவனங்கள் புது மருந்தின் பின்னால் ஓடுகின்றன. செருப்பு, புண் கழுவும் முறை, வயலில் வெறுங்காலோடு நடக்கிறவர்களுக்கு உணர்ச்சி போய்விட்டதைச் சீக்கிரம் கண்டுபிடிப்பது, இதற்கெல்லாம் காசு போட ஆள் இல்லை. உங்கள் ஆயாவின் கால் போனது அதனால்தான்.


பதில்: கோட்டையூர்க்காரன்

கால் புண் என்றே வைத்துக்கொள்கிறோம், அதை வாசித்துக் காட்டியதும் அப்பச்சி உடனே சரி என்றார். பத்து லட்சம் ஒருவருக்கு, ஒன்றரை லட்சம் நான்கு பேருக்கு, இந்தப் பிரிப்பும் அவருக்குப் பிடித்திருக்கிறது. பரிசு என்ற பேச்சை விட்டுவிட்டோம். ஆனால் விழாவை அவர் விடமாட்டார். அதைத் தன் சொந்தச் செலவில், செக்காலை வாசகி சொன்ன மாதிரி, பள்ளிப் பிள்ளைகளை அழைத்து நடத்தப்போகிறார். மானியம் வாங்கியவர் இரண்டு வருடம் கழித்து வந்து என்ன செய்தேன், என்ன சரிவரவில்லை என்று பிள்ளைகளிடம் தமிழில் சொல்ல வேண்டும், நிபந்தனை என்றால் அது ஒன்றுதான். மருந்து நிறுவனம் இல்லாமலே தொடங்குகிறோம்.

அடுத்த இயக்குநர் குழுக் கூட்டத்துக்கு முன் ஒப்பந்த வரைவு தயாராக வேண்டும். வெளியீட்டு உரிமை பற்றிய பத்தியை யாராவது தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதித் தர முடியுமா?


பதில்: கணக்கப்பிள்ளை

பணம் விடும் தேதி, தொடர் திட்டத் தீர்மானம், கருவி வாங்கினால் யார் பெயரில் இருக்க வேண்டும், இந்தப் பகுதிகளை நான் எழுதித் தருகிறேன், கட்டணம் வேண்டாம். கருவி பல்கலைக்கழகத்தின் பெயரில்தான் இருக்க வேண்டும், கம்பெனி சொத்தாக வைத்துக்கொள்ள விதி இடம் தராது. வெளியீட்டுப் பத்தியை ஆய்வகவாசி எழுதட்டும், டாக்டரம்மா ஒருமுறை பார்த்துவிடட்டும். தனிமடலில் ஆடிட்டர் எண்ணை அனுப்புங்கள் தம்பி, நேரடியாகவே பேசிக்கொள்கிறேன்.